பென்சீன் வளையத்தைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வேதியியல் ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பதினோராம் வகுப்பில் ஹைட்ரோகார்பன்கள் பாடம் வரும்போதெல்லாம், பென்சீனின் வளைய வடிவம் கனவில் தோன்றியதாகச் சொன்ன வேதியியலாளர் கெக்குலேயின் பாம்புக் கனவைச் சொல்வேன். தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சுழலும் பாம்பு என்றதும் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அதன் பிறகு ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன், உடனிசைவு (எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நில்லாமல் வளையம் முழுவதும் பரவியிருப்பது), எல்லாப் பிணைப்பும் ஒரே நீளம், எல்லா அணுவும் ஒரே தளம் என்று எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன். ஒரே தளம் என்று யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகள் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பார்த்தவர் ஒரு பெண். பெயர் கேத்லீன் லான்ஸ்டேல். பார்த்த ஆண்டு 1929. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1943-இல், அதே பெண் லண்டனின் ஹாலோவே பெண்கள் சிறையில் ஒரு மாதம் கைதியாக இருந்தார். போர்க்கால அரசு நீட்டிய ஒரு பதிவுப் படிவத்தில் பெயர் எழுத மறுத்ததுதான் அவர் செய்த குற்றம்.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். எனக்கு ஆற்றாமை அந்த இடத்தில்தான்.

முதலில் வேதியியல். சாதாரண வெப்பநிலையில் பென்சீன் திரவம். எக்ஸ் கதிரை வைத்து அமைப்பைப் பார்க்கப் படிகம் வேண்டும்; அதனால் பென்சீனை அப்படிப் பார்ப்பது அன்று எளிதல்ல. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியல் பேராசிரியர் இங்கோல்டு ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகங்களைக் கொடுத்தார். பென்சீனின் ஆறு ஹைட்ரஜன்களுக்கும் பதிலாக ஆறு மெத்தில் தொகுதிகள் உட்கார்ந்திருக்கும் சேர்மம் அது. நல்ல காலம், அந்தப் படிகத்தின் ஓர் அலகுக்கூட்டில், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பகுதியில், ஒரே ஒரு மூலக்கூறுதான். கணக்கு அதனால் கொஞ்சம் இளகியது. கொஞ்சம்தான். கணினி இல்லாத காலம். மடக்கை அட்டவணையும் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு அவர் கண்டது இது: வளையம் தட்டையானது, பக்கங்கள் சமம். அவருக்கு ஆராய்ச்சி கற்றுக்கொடுத்த வில்லியம் ஹென்றி பிராக், வைரத்தின் அமைப்பை வைத்து, வளையம் மடிந்து நெளிந்திருக்கும் என்று எண்ணியிருந்தார். ஆசிரியரின் எண்ணத்தை மாணவியின் கணக்கு தள்ளிவிட்டது. பிராக் கோபப்படவில்லை, மகிழ்ந்தார். ஆசிரியர்களாகிய நாம் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 1936-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அமைப்பின் இதழில், படிகங்களின் காந்தப் பண்பை வைத்து அவற்றுள் மூலக்கூறு எப்படிப் படுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் லான்ஸ்டேல். மற்றவர் கே. எஸ். கிருஷ்ணன். இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் சி. வி. ராமனோடு வேலை செய்தவர். தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதியவர். பென்சீன் வளையத்தின் எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு ஒட்டிக்கிடக்காமல் வளையம் முழுவதும் ஓடுகின்றன என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு உறுதியான சான்று தந்தவை இத்தகைய காந்த அளவீடுகள்தான். விருதுநகர் மாவட்டத்தில் வேதியியல் நடத்தும் ஓர் ஆசிரியர் இதைச் சொல்லும்போது வகுப்பின் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி அந்தப் படிவத்தின் கதை.

கேத்லீன் அயர்லாந்தில், கில்டேர் மாவட்டத்து நியூபிரிட்ஜில், 1903-இல் பிறந்தவர். வீட்டில் பத்தாவது குழந்தை. ஐந்து வயதில் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் லண்டனுக்குக் கிழக்கே செவன் கிங்ஸ் என்ற ஊருக்கு வந்துசேர்ந்தார். முதல் உலகப் போரின்போது அந்த வானில் ஜெர்மானிய ஜெப்பலின் வான்கப்பல்கள் எரிந்து விழுந்ததைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறார். குண்டு போட வந்த கப்பல் எரிகிறது. ஊர் ஆரவாரம் செய்திருக்கும். அவருடைய அம்மா அழுதார். உள்ளே எரிகிறவர்கள் சின்னப் பையன்கள் என்று அழுதார். எதிரியின் பிள்ளைக்காக அழுத அந்த அம்மாவை லான்ஸ்டேல் கடைசிவரை மறக்கவில்லை.

1935-இல் அவரும் கணவர் தாமஸும் குவேக்கர் சபையில் சேர்ந்தார்கள். எந்தப் போரிலும் ஆயுதம் தொடுவதில்லை என்று மூன்று நூற்றாண்டாகச் சொல்லிவரும் சிறிய கிறித்தவக் கூட்டம் அது. நான்கே ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது.

அந்தப் போரில் பிரிட்டன் முன்பு செய்யாத ஒன்றைச் செய்தது. 1941 டிசம்பரில் சட்டம் போட்டுப் பெண்களையும் கட்டாயச் சேவைக்கு அழைத்தது. முதலில் மணமாகாத 20 முதல் 30 வயதுப் பெண்கள். படையின் துணைப் பிரிவுகள், குடிமக்கள் பாதுகாப்பு, தொழிற்சாலை, இவற்றுள் ஒன்றுக்குப் போயாக வேண்டும். இந்தச் சட்டத்தில் மனச்சான்றுக்கு ஒரு வாசல் இருந்தது. போர் என் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்று எழுதிக்கொடுத்து ஒரு நடுவர் குழுவின் முன்னால் நின்று வாதாடலாம். ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 60,000 பேர் அந்தப் போரில் அப்படி எழுதிக்கொடுத்தார்கள். அவர்களில் சுமார் ஆயிரம் பேர் பெண்கள். ஆயிரம் என்பது சிறிய எண்தான். ஆனால் ஊரே சீருடையில் நடமாடிய நாட்களில், அண்ணனோ கணவனோ போர்முனையில் இருக்கும் தெருவில், ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்த ஆயிரம் பெண்கள் அவர்கள்.

தீக்காவல் வேறு கதை. லான்ஸ்டேல் மறுத்தது அதற்கான பதிவைத்தான். 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் நகரத்தின் நடுப்பகுதி தீக்குண்டுகளால் பற்றி எரிந்தது. இரவில் ஆளில்லாத கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் விழுந்த சிறு குண்டுகளை உடனே அணைக்க ஆள் இல்லாமல் போனதால்தான் அத்தனை சேதம். அதன்பின் கூரைகளில் இரவுக் காவல் கட்டாயமானது. ஒரு வாளி மணல், ஒரு வாளித் தண்ணீர், ஒரு கைப்பம்பு. விடிய விடிய விழித்திருக்க வேண்டும். முதலில் ஆண்களுக்கு, பிறகு 1942-இல் 20 முதல் 45 வயதுவரையான பெண்களுக்கும். எல்லாரும் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். இந்த ஆணையில் மனச்சான்றுக்கு வாசல் வைக்கவில்லை.

லான்ஸ்டேலுக்கு அப்போது நாற்பது வயதை ஒட்டி. மூன்று குழந்தைகள், மூவரும் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். பதிவு செய்துவிட்டு விலக்குக் கேட்டிருந்தால் சிறு குழந்தைகளின் தாய் என்று விட்டிருப்பார்கள். அவர் பதிவு செய்யவில்லை. இரண்டு பவுண்டு அபராதம் போட்டார்கள். அதையும் கட்டவில்லை. ஒரு மாதச் சிறை.

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சில பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். இந்தக் கதையை அங்கே சொன்னேன். ஒரு பெண் உடனே கேட்டாள்: “கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்கலாமே டீச்சர்? எப்படியும் விட்டிருப்பாங்கன்னு நீங்களே சொன்னீங்க. எதுக்கு ஜெயிலுக்குப் போனாங்க?”

இரண்டு மூன்று நாள் அந்தக் கேள்வியோடு இருந்தேன். அடுத்த சனிக்கிழமை அவளிடம் நான் சொன்னது இதுதான். தாய் என்பதற்காக விட்டால் அது சலுகை. மனச்சான்றுக்காக விட்டால்தான் உரிமை. சலுகையை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்திருக்கலாம். குழந்தையில்லாத, அதே மனச்சான்றுள்ள வேறொரு பெண் எங்கே போவாள்? அவளுக்கு வாசல் இல்லாத சட்டத்தில், தனக்கு மட்டும் இருந்த பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேற இவருக்கு மனம் வரவில்லை. இது நான் புரிந்துகொண்ட விதம். அவர் வாயால் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பெண் தலையாட்டினாள். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பையன் விடவில்லை. “தீயை அணைக்கிறது யாரையும் கொல்ற வேலை இல்லையே டீச்சர். காப்பாத்துற வேலைதானே?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. அந்தக் குண்டுவீச்சு மாதங்களில் மட்டும் பிரிட்டனில் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்திருக்கிறார்கள். பனிக்குளிரில் கூரையேறி வாளியோடு நின்ற பெண்ணுக்கு, பதிவு செய்ய மாட்டேன் என்றவர்மீது கோபம் வந்திருந்தால் அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. போரை மறுத்தவர்களில் பலரும் தாமாகவே முன்வந்து தீயணைத்தார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள் என்பதையும் பையனிடம் சொன்னேன். தானாகச் செய்கிற உதவியையும், போர் நடத்தும் அரசு “இது உன் போர்க்கடமை” என்று ஆணையிட்டுச் செய்விக்கிற வேலையையும் அவர்கள் ஒன்றாகப் பார்க்கவில்லை. ஆணைக்குத் தலைவணங்கினால், தன் கைகளை அரசு எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தார்கள். பையன் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று நூலகம் மூடும் நேரம்வரை வாதம் நடந்தது. 31 ஆண்டு வகுப்புகளில் ஒரு விஞ்ஞானியைப் பற்றி என் மாணவர்கள் இப்படிச் சண்டை போட்டதில்லை.

சிறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் சிறை வேலை. மாலையில் அறைக்கதவு பூட்டிய பின் படிக ஆராய்ச்சி. தாள்களும் சில கருவிகளும் உள்ளே வர அனுமதி வாங்கித் தந்தார்கள். அவரைப் பாதித்தது தன்னுடைய சிரமம் அல்ல, சுற்றியிருந்த பெண்களின் நிலை. அழுக்கு, நோய் தொற்றும் நெருக்கம், சுத்தமான உடை கிடைக்காத கேவலம், திருந்தி வெளியே போக வழியே வைக்காத நிர்வாகம். வெளியே வந்ததும் அதே ஆண்டு ஹாலோவே சிறையைப் பற்றி ஒரு சிறு வெளியீடு எழுதினார். பின்னாளில் பெண்கள் சிறைகளைப் பார்வையிடும் குழுக்களில் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு மாதம் கைதியாகப் பார்த்ததை வாழ்நாள் முழுவதும் வெளியே நின்று சரிசெய்ய முயன்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விடுதலையாகி இரண்டே ஆண்டுகள். 1945 மார்ச்சில் ராயல் சொசைட்டி தன் வரலாற்றில் முதல்முறையாகப் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இரண்டு பேர்: உயிர்வேதியியலாளர் மார்ஜரி ஸ்டீவன்சன், கேத்லீன் லான்ஸ்டேல். ஐரோப்பாவில் போர் அப்போது முடிந்திருக்கவில்லை. 1949-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியர். 1956-இல் டேம் பட்டம் (ஆண்களுக்கான ‘சர்’ பட்டத்துக்கு இணையானது). 1968-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர். விண்கற்களில் காணப்படும் அறுகோண வைரத்துக்கு லான்ஸ்டேலைட் என்று பெயர். எத்தனை பட்டம் வந்தபோதும் அவர் வாய் மூடவில்லை. அணுகுண்டுக்கு எதிராகப் பேசினார், 1951-இல் குவேக்கர் குழுவோடு சோவியத் நாட்டுக்குப் போனார், 1957-இல் ‘அமைதி சாத்தியமா?’ என்று ஒரு சிறுநூல் எழுதினார். விஞ்ஞானி தன் கண்டுபிடிப்பு எதற்குப் பயன்படுகிறது என்று கேட்க வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை பிடிவாதம்.

அவர் மட்டுமல்ல. பிரிட்டனில் கட்டாயச் சேவையை மறுத்துச் சிறைக்குப் போன முதல் பெண் கானி போலம், வீட்டு வேலை செய்த இளம்பெண். 1942 ஜனவரியில் ஒரு மாதம் டர்ஹாம் சிறையில் இருந்தார். முதல் உலகப் போரில் காதலனையும் தம்பியையும் பறிகொடுத்த எழுத்தாளர் வேரா பிரிட்டன், ஜெர்மன் நகரங்களின்மேல் தன் நாடு குண்டு பொழிவதைக் கண்டித்து எழுதினார். அவருடைய குழந்தைகள் பாதுகாப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்களைப் போய்ப் பார்க்கக்கூட அரசு அனுமதி தரவில்லை. 1931-இல் காந்தி லண்டனில் தங்கியிருந்தது கிழக்கு லண்டனின் கிங்ஸ்லி ஹாலில். அதை நடத்திய மியூரியல் லெஸ்டரை 1941-இல் டிரினிடாடில் கப்பலிலிருந்து இறக்கித் தடுத்துவைத்து, கடவுச்சீட்டைப் பறித்து ஊருக்கு அனுப்பினார்கள். ஒருவர் வீட்டு வேலைக்காரி, ஒருவர் எழுத்தாளர், ஒருவர் ஏழைகளிடையே தொண்டு செய்தவர், ஒருவர் விஞ்ஞானி. லான்ஸ்டேலை இவர்களிடமிருந்து பிரித்தெடுத்து ஆய்வகத்துக்குள் மட்டும் நிறுத்திவைப்பது சரியில்லை.

நான் மனம் புண்பட்டு எழுதும் இடத்துக்கு வருகிறேன். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு வார்ப்பு வைத்திருக்கிறோம். குடும்பத்தையும் பார்த்துக்கொண்டார், ஆராய்ச்சியும் செய்தார். லான்ஸ்டேல் அந்த வார்ப்புக்குள் அழகாக உட்காருவார். குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தபடியே கணக்குப் போட்டவர்தான். வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள பிராக் 50 பவுண்டு ஏற்பாடு செய்து தந்ததும் உண்மை. ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று அவர் தயங்கியபோது, கூலியில்லாத வேலைக்காரி வேண்டும் என்று நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கணவர் தாமஸ் சொன்னதும் உண்மை. அந்த வரியை நம் வகுப்புப் பையன்கள் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், மூன்று குழந்தைகளின் தாய் என்ற தகுதியைத் தன் விடுதலைக்குப் பயன்படுத்த மறுத்த ஒரு பெண்ணை நாம் திரும்பவும் மூன்று குழந்தைகளின் தாயாகவே நிறுத்திவிடுகிறோம். இது அவருக்குச் செய்கிற அநியாயம்.

அறிவியல் பாடத்தில் இந்த அரசியல் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை, மாதத்தேர்வு தலைக்குமேல் நிற்கிறது என்பீர்கள். எனக்கும் தெரியும். நானும் அப்படி ஓடியவள்தான். கெக்குலேயின் கனவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குகிறோமே, அதே ஐந்து நிமிடம்தான் நான் கேட்பது. கனவை விட்டுவிடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கனவு கண்டவரைச் சொன்ன கையோடு, கணக்குப் போட்டுப் பார்த்தவரையும் சொல்லுங்கள்.

சொல்லும்போது அவரைத் தெய்வமாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹிட்லரை எதிர்த்து நடந்த போர் அது. அதில் பங்குகொள்ள மறுத்தது சரிதானா என்று பிள்ளைகள் கேட்கட்டும். கேட்டே தீர வேண்டிய கேள்வி. உங்கள் சொந்தக் கருத்து எதுவானாலும் அதை முன்னால் வைத்து வாதத்தை மூடிவிடாதீர்கள். போர் வேண்டும் என்கிற பிள்ளையும் வேண்டாம் என்கிற பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசட்டும்.

பாடநூல் எழுதும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பாடத்தின் ஓரத்தில் போடும் பெட்டிச் செய்திக்கு ஏழெட்டு வரி கிடைக்குமல்லவா? வளையத்தின் படத்துக்குப் பக்கத்தில் 1929 என்று எழுதுங்கள். கிருஷ்ணன் பெயரையும் 1936 என்ற ஆண்டையும் எழுதுங்கள். 1943-ஐயும் எழுதுங்கள். ‘போர்க்காலப் பதிவை மனச்சான்றின்படி மறுத்து ஒரு மாதம் சிறையிருந்தார்’ என்று நேராகவே எழுதலாம். ‘சில இன்னல்களைச் சந்தித்தார்’ என்று மழுப்ப வேண்டாம்.

இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் பென்சீன் பாடம் வரும்போது இதைச் சொன்னீர்களென்றால், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கும் தெரியப்படுத்துங்கள். தீயணைப்பது காப்பாற்றுகிற வேலைதானே என்று கேட்ட அந்தப் பையன் இன்னும் சனிக்கிழமைகளில் வருகிறான். என்னைவிட நல்ல பதில் உங்கள் வகுப்பில் யாராவது சொன்னால் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை ஒருத்தி